எஞ்சின் இல்லாதவர்களின் கணக்கு

1972 ஏப்ரல் 25. வடக்கு ஜெர்மனியின் லூபெக்கில் கிளம்பிய ஹான்ஸ் வெர்னர் குரோஸ்ஸெ, பிரான்சின் தென்மேற்கு மூலையான பியாரிட்ஸில் கிளைடரை இறக்கினார். 1460 கிலோமீட்டர், எஞ்சின் இல்லாமல். ஜிபிஎஸ்? முதல் ஜிபிஎஸ் செயற்கைக்கோள் மேலே போனதே 1978இல்தான்.

அன்றைய கிளைடர் பைலட்டுக்குக் காகித மேப்பும் காம்பஸும்தான் துணை. கீழே தெரியும் ஆற்றையும் ரயில் பாதையையும் மேப்போடு பொருத்திப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். போட்டி என்றால், திருப்புமுனையைத் தொட்டதற்குச் சாட்சியாகப் போட்டோ வேறு எடுக்கணும். ஒரு கையில் விமானம், இன்னொரு கையில் கேமரா!

ஆனால் ‘எங்கே இருக்கிறேன்’ என்பது பாதிக் கேள்விதான். ‘போய்ச் சேர்வேனா’ என்பதில்தான் வயிறு கலங்கும். 40க்கு 1 சறுக்கும் கிளைடர், 1000 மீட்டர் உயரத்திலிருந்து அசையாத காற்றில் 40 கிலோமீட்டர் போகும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அதற்கு 24 நிமிடம். எதிர்காற்று 25 கிலோமீட்டர் என்றால், அந்த 24 நிமிடத்தில் 10 கிலோமீட்டரைக் காற்று தின்றுவிடும். மிச்சம் 30. இந்தக் கணக்கை அட்டைச் சக்கரங்களைத் திருப்பி, பறந்துகொண்டே போட்டார்கள்.

ஜிபிஎஸ் வந்தபிறகு கணக்கு கருவிக்கு மாறியது. பிரிட்டனின் மைக் ராபர்ட்ஸ், கையடக்கக் கணினிகளுக்காக எக்ஸ்சிசோர் என்ற மென்பொருளை எழுதி விற்றார். தொடர முடியாத நிலை வந்தபோது, 2005இல் அதன் மூல நிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டார். இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். கடையை மூடிவிட்டுப் போயிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். தன்னார்வலர்கள் அதை வளர்த்தார்கள். 2011இல் ஆண்ட்ராய்டு ஃபோனுக்கும் வந்தது. மேப்பை முன்பே இறக்கி வைத்தால் சிக்னல்கூட வேண்டாம். வெயிலில் திரை மங்கும், ஃபோன் சூடாகும், அது வேறு தொல்லை.

இப்போது தரையிறங்கும் இடத்தை எத்தனை மீட்டர் உயரத்தில் அடைவோம் என்று திரையே சொல்கிறது. ஆனால் ஃபோனுக்குத் தெரிந்தது அது கடந்துவந்த காற்று மட்டும். முன்னால் காற்று கீழ்நோக்கி இறங்கிக்கொண்டிருந்தால் அதற்குத் தெரியாது. அதனால்தான் கைவசம் எவ்வளவு உயரம் மிச்சம் வைக்க வேண்டும் என்று செட்டிங்கில் ஒரு கட்டம் இருக்கிறது. அந்த எண்ணை பைலட்தான் போட வேண்டும்.