டிவி புத்தர்

டிவி புத்தர், இன்றைய தென்கொரியாவின் சியோலில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த கலைஞர் நாம் ஜூன் பைக் (1932–2006) 1974இல் உருவாக்கிய நிறுவல் கலைப்படைப்பு. தியானத்தில் அமர்ந்த பழைய புத்தர் சிலை, அதன் எதிரே ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, சிலையை நோக்கிய ஒரு கேமரா ஆகிய மூன்றே அதில் உள்ளன. கேமரா பிடிக்கும் உருவம் அக்கணமே திரையில் தெரியும். எதுவும் பதிவாவதில்லை, மின்சாரம் நின்றால் திரையில் புத்தரும் இல்லை. நியூயார்க்கின் பொனினோ கலைக்கூடத்தில் காலியாக இருந்த ஒரு சுவரை நிரப்பச் செய்த இப்படைப்பு பைக்கின் மிகவும் அறியப்பட்ட படைப்புகளுள் ஒன்றாயிற்று. மூலப்படைப்பு இன்று ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலிக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பைக் முதலில் இசை மாணவர். 1958இல் ஜெர்மனியில் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜைச் சந்தித்தார். கேஜ், ஜப்பானிய அறிஞர் டி. டி. சுசுகியிடம் ஜென் பயின்றவர். ஆசியாவில் பிறந்த பைக்கிடம் ஜென் சிந்தனை மேற்குலகின் வழியாகவே வலுவாக வந்து சேர்ந்தது. தம்மை ஜென் நெறியினராக அவர் சொல்லிக்கொண்டதும் இல்லை. 1963இல் ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் அவர் நடத்திய கண்காட்சியில், பழுதாகி ஒற்றைக் கோடு மட்டுமே தெரிந்த தொலைக்காட்சிப் பெட்டியைத் தூக்கியெறியாமல், கோடு செங்குத்தாக நிற்கும்படி திருப்பி வைத்து 'ஜென் ஃபார் டிவி' என்று பெயரிட்டார். பின்னர், உள்ளுறுப்புகள் நீக்கிய பெட்டிக்குள் எரியும் மெழுகுவத்தியை வைத்து மற்றொரு படைப்பும் செய்தார்.

டிவி புத்தரில், 'நான்' என்பதைத் துறக்கச் சொன்ன புத்தர் தம் உருவத்தையே ஓயாமல் பார்த்திருப்பது முரண் என்று சிலர் கொள்வர். அசையாத சிலைக்கு முன் அசையாத திரையும் தியானமே என்பர் வேறு சிலர். இரண்டில் எதையும் படைப்பு வலியுறுத்தவில்லை என்பதே அதன் வலிமை. 1974இல் கொலோன் நகரில் துறவியுடை அணிந்து, சிலையின் இடத்தில் பைக்கே அமர்ந்தார். 1990இல் சியோலில், மறைந்த நண்பரான ஜெர்மானியக் கலைஞர் யோசப் பாய்சுக்காகக் கொரியப் பூசாரிச் சடங்கை ஒட்டிய நிகழ்ச்சி நடத்தினார். நவீனக் கொரியா மூடநம்பிக்கை என ஒதுக்கிவந்த வழிபாடு அது.

பிக்சர் டியூப் பெட்டிகளின் உற்பத்தி ஓய்ந்ததால் பைக்கின் படைப்புகளைக் காப்பது கடினமாகிவிட்டது. தென்கொரியாவின் குவாச்சான் நகரத் தேசிய அருங்காட்சியகத்தில் 1988இல் அவர் எழுப்பிய 18.5 மீட்டர் உயரத் தொலைக்காட்சிக் கோபுரம் பௌத்தப் பகோடா வடிவினது. அதன் 1,003 பெட்டிகள், கொரியா பிறந்ததாகத் தொன்மம் கூறும் அக்டோபர் 3ஐக் குறிப்பன. பாதுகாப்பு கருதி 2018இல் அது நிறுத்தப்பட்டது. பழுது பார்த்தும் பழைய பெட்டிகளைத் தேடி வாங்கியும் 737 திரைகளை மீட்டனர். எஞ்சிய 266 பெட்டிகளில் வெளிக்கூட்டை அப்படியே வைத்து, உள்ளே தட்டைத் திரைகளைப் பொருத்தினர். 2022இல் கோபுரம் மீண்டும் இயக்கப்பட்டது.