சூலக இடமாற்ற அறுவை

சூலக இடமாற்ற அறுவை அல்லது ஊஃபரோபெக்சி என்பது, இடுப்புக் குழியில் உள்ள புற்றுநோய்க்குக் கதிர் மருத்துவம் தொடங்கும் முன்னர், பெண்ணின் சூலகங்களைக் (சினைப்பைகளை) கதிர் பாயும் பரப்பிலிருந்து விலக்கி வேறிடத்தில் பொருத்தும் அறுவை ஆகும். சூலகங்கள் உடலிலிருந்து அகற்றப்படுவதில்லை. அவற்றுக்குக் குருதி கொண்டுவரும் முதன்மைக் குழாய்களும் துண்டிக்கப்படுவதில்லை. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய், மலக்குடல் புற்றுநோய், ஹாட்ஜ்கின் நிணநீர்ப் புற்றுநோய் போன்றவற்றால் பாதிக்கப்பட்ட இளம் பெண்களுக்கும் சிறுமியருக்கும் இது செய்யப்படுகிறது.

தேவை

ஒரு பெண் தன் வாழ்நாளுக்கு உரிய முட்டை உயிரணுக்கள் அனைத்துடனும் பிறக்கிறாள். பின்னர் அவை புதிதாகத் தோன்றுவதாக உறுதிப்படவில்லை. இவ்வுயிரணுக்கள் கதிர்வீச்சைத் தாங்கும் திறன் மிகக் குறைந்தவை. 2 கிரேக்கும் குறைந்த கதிர் அளவே அவற்றில் பாதியை அழித்துவிடும் என 2003 இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. சூலகம் உடனடியாகச் செயலிழக்கத் தேவையான அளவு 10 வயதில் 18.4 கிரே, 20 வயதில் 16.5 கிரே, 30 வயதில் 14.3 கிரே என 2005 இல் அதே குழுவினர் மதிப்பிட்டனர். வயது ஏற ஏற எஞ்சிய முட்டைகள் குறைவதே இவ்விறக்கத்துக்குக் காரணம். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு வெளியிலிருந்து செலுத்தப்படும் கதிரோ பொதுவாக 45 முதல் 50 கிரே வரை இருக்கும். எனவே கதிர்ப் பரப்புக்குள் விடப்பட்ட சூலகம் பிழைப்பதில்லை.

இவ்விழப்பு மகப்பேற்றை மட்டும் பாதிப்பதன்று. ஈஸ்ட்ரோஜன் சுரப்பு நின்று, 25 வயதுப் பெண்ணுக்கும் மாதவிடாய் நிறுத்தம் ஏற்படுகிறது. எலும்பு மெலிதலும் இதய நோய்க்கான வாய்ப்பும் கூடுகின்றன. ஆதலால், குழந்தை பெற்று முடித்தவருக்கு இவ்வறுவை வேண்டியதில்லை என்று கருதுவது சரியன்று.

வரலாறு

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பேரறுவையின்போது சூலகங்களைக் காப்பது பற்றி மெக்கால் என்பவரும் உடன் பணியாற்றியோரும் 1958 இல் எழுதினர். ஹாட்ஜ்கின் நோயில் இடுப்பின் இரு பக்கங்களிலும் உள்ள நிணநீர் முடிச்சுகள் மீது கதிர் செலுத்தப்படுவதால், சூலகங்களை நடுக்கோட்டுக்கு இழுத்துக் கருப்பையின் பின்புறம் தைக்கும் முறையை ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் 1970 இல் விவரித்தனர். நடுப்பகுதியை ஈயக் கட்டி கொண்டு மறைத்துவிடலாம். சூலகத்தை எங்கே நகர்த்துவது என்பதைக் கதிர் பாயும் இடமே முடிவு செய்கிறது.

செய்முறை

இக்காலத்தில் பெரும்பாலும் லேப்பராஸ்கோப்பி எனப்படும் நுண்துளை அறுவை முறையே கையாளப்படுகிறது. சூலகத்தைக் கருப்பையுடன் இணைக்கும் பிணைநார் வெட்டப்படுகிறது. பின்னர் குருதிக் குழாய்கள் முறுக்கிக்கொள்ளாதவாறு சூலகம் மேலே கொண்டு செல்லப்பட்டு, பெருங்குடலின் வெளிப்பக்கமாக, இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கு மேலே தைக்கப்படுகிறது. அவ்விளிம்புக்கு 1.5 செ.மீ.க்கு மேல் பொருத்தப்பட்ட சூலகங்கள் கூடுதலாகச் செயற்பட்டதை 2012 இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. சூலகத்தின் ஓரத்தில் இடப்படும் உலோகக் கிளிப்புகள் சி.டி. படத்தில் தெரிவதால், கதிர் மருத்துவர் அதைத் தவிர்த்துத் திட்டமிட முடிகிறது.

சூலகம் மீண்டும் கீழே இறங்கிவிடக்கூடும். ஆகையால் கதிர் மருத்துவத்துக்குச் சற்று முன்பாகவே இதைச் செய்வது நல்லது. முதல் தவணைக் கதிர் செலுத்தப்பட்ட பின்னர் கேட்பதில் பயன் குறைவு. நோயாளியிடம் இது பற்றி முன்கூட்டியே பேசப்படாமல் போவதே பல வேளைகளில் உண்மையான தடையாகும்.

பலனும் வரம்புகளும்

2014 இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்றின்படி, வெளிக்கதிர் பெற்றவர்களில் ஏறத்தாழ 65 விழுக்காட்டினருக்குச் சூலகச் செயற்பாடு நிலைத்தது. யோனிவழி உட்கதிர் மட்டும் பெற்றவர்களில் இது 90 விழுக்காட்டுக்கும் மேல். சிதறும் கதிர், குருதி ஓட்டக் குறைவு, உடன் அளிக்கப்படும் வேதிமருந்துகள் ஆகியன தோல்விக்குக் காரணங்கள். வேதிமருந்துகள் குருதி வழியே செல்வதால், இடமாற்றம் அவற்றிலிருந்து காப்பதில்லை. 40 வயதைக் கடந்தவர்களுக்குப் பொதுவாக இது பரிந்துரைக்கப்படுவதில்லை. நகர்த்தப்பட்ட சூலகத்தில் நீர்க்கட்டிகள் தோன்றலாம். செதிள் உயிரணுப் புற்று சூலகத்துக்குப் பரவுவது அரிது. சுரப்பிப் புற்றில் அவ்வாய்ப்பு மிகுதி என்பதால் கூடுதல் கவனம் தேவை.

கருவுறுதல்

சூலகம் பிழைத்தாலும், கதிர் பெற்ற கருப்பையின் தசையும் குருதிக் குழாய்களும் சேதமடைவதால் அதில் கரு தங்கி வளர்வது கடினம். அந்நிலையில் வயிற்றுச் சுவர் வழியே ஊசி செலுத்தி முட்டைகளை எடுக்கலாம். எனினும் கருவைச் சுமக்க வாடகைத்தாய் தேவைப்படும். இதற்கான சட்டங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. அறுவையின்போதே சூலகத் திசுவில் ஒரு பகுதியை எடுத்து உறையவைத்தலும் உண்டு. இவ்வாறு உறையவைத்த திசுவை மீளப் பொருத்திய பின் நிகழ்ந்த குழந்தைப் பேறு ஒன்றைப் பெல்ஜிய மருத்துவர்கள் 2004 இல் அறிவித்தனர். மலக்குடல் புற்றுநோயுற்ற ஒரு பெண்ணின் கருப்பையையே சூலகங்களுடன் மேல்வயிற்றுக்கு நகர்த்தி, கதிர் மருத்துவம் முடிந்தபின் பழைய இடத்தில் பொருத்தியதைப் பிரேசில் மருத்துவர்கள் 2017 இல் வெளியிட்டனர்.