தொகுதியும் அதன் எல்லையும்: தொகுதிப் பொறியியலின் வளர்ச்சியும் பேராதனை அனுபவமும்

கொழும்பிலிருந்து கண்டி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை கடுகண்ணாவை மலையை ஏறிக் கடந்ததும் பிலிமத்தலாவையை அடைகின்றது. இவ்விரு ஊர்களுக்கும் இடையிலுள்ள தூரம் சிறிதே. ஆயினும் கடுகண்ணாவையின் மேற்குச் சரிவிற் பெய்யும் மழை மகா ஓயாவிற் கலந்து மேற்குக் கடலை அடைய, பிலிமத்தலாவைப் பக்கம் பெய்யும் மழை மகாவலியுடன் சேர்ந்து கிழக்கே கொட்டியாரக் குடாவில் விழுகின்றது. ஏறக்குறைய 335 கிலோமீற்றர் நீளமுள்ள மகாவலியின் வடிநிலம் இலங்கைப் பரப்பில் ஆறிலொரு பங்காகும். அந்நிலத்தின் எல்லையை இயற்கையே வகுத்துள்ளது. ஆனால் அந்த ஆற்றைப் பயன்படுத்தும் திட்டத்தின் எல்லையை வகுப்பவர் மனிதரே. எவற்றை உள்ளடக்குவது, எவற்றைப் புறத்தே விடுவது என்பதை அவர்களே தீர்மானிக்கின்றனர். தொகுதிப் பொறியியல் என்னும் துறையின் அடிப்படை வினா இதுவேயாகும். பல்கலைக்கழகக் கல்வியில் அவ்வினாவுக்குக் கிடைத்த இடத்தைப் பேராதனையையும் மகாவலியையும் முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

துறையின் தோற்றம்

இத்துறை பல்கலைக்கழகத்திற் பிறந்ததன்று. அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வுகூடங்களில் 1940களில் இப்பெயர் வழக்கிற்கு வந்தது. தொலைபேசிக் கருவி, கம்பி, இணைப்பகம் ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே திறம்பட அமைத்தாலும் வலையமைப்பு முழுவதும் திறம்பட இயங்கும் என்பதற்கு உறுதியில்லை என்பதை அங்குள்ள பொறியியலாளர் கண்டனர். உறுப்புகளுக்கிடையிலான தொடர்பையே ஆய்வுப் பொருளாகக் கொள்ளும் தேவை இவ்வாறு எழுந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரித்தானியாவில் ராடர் நிலையங்களைப் படைச் செயற்பாடுகளுடன் இணைத்தபோது உருவான செயற்பாட்டாய்வு இதற்குக் கணித வலுவூட்டியது. பின்னர் வந்த பனிப்போர்க்கால ஏவுகணைத் திட்டங்கள் பெரும் பணத்தை வழங்கின. துறையின் வளர்ச்சியிற் படைத்துறைக்கு இருந்த இப்பங்கினை மறந்து அதன் வரலாற்றை எழுதுதல் இயலாது.

பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த கில்மன் 1950இல் மாசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் இதனைப் பாடமாகக் கற்பித்தார். குட், மாக்கோல் ஆகிய இருவரின் நூல் 1957இலும், ஆதர் ஹோலின் முறையியல் நூல் 1962இலும் வெளிவந்தன. 1960களின் தொடக்கத்தில் அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் வேமோர் தனித் துறையொன்றை நிறுவினார். இங்கிலாந்தின் லங்காஸ்ரர் பல்கலைக்கழகத்திலும் அத்தசாப்தத்திலேயே ஒரு துறை உருவாயிற்று. 1969இல் அங்கு இணைந்த பீற்றர் செக்லண்ட், இத்துறையின் முறைகள் மனிதர் சம்பந்தப்பட்ட சிக்கல்களிற் பெரிதும் தோல்வியுறுவதைக் கண்டார். எந்திரத் தொகுதிக்கு நோக்கம் முன்னரே தரப்பட்டிருக்கும். மனிதத் தொகுதியிலோ நோக்கம் எதுவென்பதே தகராறாக இருக்கும் என்பது 1981இல் வெளிவந்த அவரது நூலின் மையக் கருத்தாகும்.

நமது நாட்டுக்கு நெருக்கமான கிளை நீர்வளத் தொகுதி ஆய்வாகும். 1950களின் நடுப்பகுதியில் ஹாவாட் பல்கலைக்கழகத்தில் ஆதர் மாஸ் என்னும் அரசறிவியலாளரின் தலைமையில் பொறியியலாளரும் பொருளியலாளரும் ஒன்றுகூடி ஆற்றுவடிநிலத் திட்டமிடலை ஆராய்ந்தனர். அவர்களது கூட்டு நூல் 1962இல் வெளிவந்தது. அணையை எங்கு கட்டுவது என்பதற்கு முன்னர், எதற்காக, யாருடைய நன்மைக்காகக் கட்டுவது என வினவ வேண்டும் என்பதை அந்நூல் முறையியலின் முதற்படியாக்கியது. பிற்காலத்தில் உலகெங்கும் பரவிய பாடநூல்கள் அதன் கணிதத்தை எடுத்துக்கொண்ட அளவுக்கு இம்முதற்படியை எடுத்துக்கொள்ளவில்லை.

பேராதனைப் பொறியியற் பீடம்

இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் 1950இற் கொழும்பில் ஆரம்பிக்கப்பட்டு, 1964இற் பேராதனைக்கு மாற்றப்பட்டது. அதன் முதற் பீடாதிபதி ஈ. ஓ. ஈ. பெரேரா ஆவார். குடிசார், மின், பொறிமுறைப் பொறியியல் என்னும் பிரித்தானியப் பிரிவினையே பாடத்திட்டத்தின் அடிப்படையாக அமைந்தது. மண்ணின் இயக்கவியலில் உலகப் புகழ் பெற்ற பேராசிரியர் அழகையா துரைராசா போன்றோர் இப்பீடத்திலிருந்து தத்தம் துறைகளை ஆழப்படுத்தினர்.

தொகுதிப் பொறியியல் இங்குத் தனித் துறையாக வரவில்லை. கணிதத்திற் செயற்பாட்டாய்வாகவும், மின்பொறியியலிற் கட்டுப்பாட்டுக் கொள்கையாகவும், உற்பத்திப் பொறியியலில் ஆலைத் திட்டமிடலாகவும், குடிசார் பொறியியலில் நீர்வள ஆய்வாகவும் அது சிதறி நுழைந்தது. கருவிகள் வந்தன; அவற்றை ஒன்றிணைக்கும் நோக்கு வரவில்லை எனலாம். கலைப்பீடத்துக்கும் பொறியியற் பீடத்துக்கும் இடையே மகாவலி ஓடுகின்றது. அதன் மேல் நடைபாலம் உண்டு. எனினும் அக்கரையின் புவியியலையும் சமூகவியலையும் இக்கரையின் நீரியலுடன் இணைத்துக் கற்பிக்கும் பாடநெறி உருவாகவில்லை.

இதற்குச் சான்றாக ஒன்றைக் குறிப்பிடலாம். உலர்வலயத்தின் சிறு குளங்கள் தனித்தனிக் குளங்களல்ல, ஒன்றின் கழிவுநீர் அடுத்ததன் வரத்தாகும் தொடர்குளத் தொகுதிகள் என்பதை 1985இல் முறையாக எடுத்துரைத்தவர் பேராதனைப் புவியியற் பேராசிரியர் மத்தும பண்டார ஆவார். இந்நாட்டின் மிகப் பழைய பொறியியற் படைப்பினைத் தொகுதியாகக் காட்டும் பணி பொறியியற் பீடத்துக்கு வெளியே நிகழ்ந்தது சிந்தனைக்குரியது.

மகாவலி: தொகுதியாக ஓர் ஆறு

ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டமும் உணவு விவசாய நிறுவனமும் இலங்கை நீர்ப்பாசனத் திணைக்களத்துடன் இணைந்து 1968இல் மகாவலிப் பெருந்திட்டத்தை வகுத்தன. 30 ஆண்டுகளில் ஏறக்குறைய 900,000 ஏக்கருக்கு நீர் வழங்குவது அதன் இலக்கு. பாசனப் பரப்பு 'ஏ' முதல் 'எம்' வரையான 13 தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. 1977இன் ஆட்சி மாற்றத்தின் பின்னர் பெருந்திட்டத்தின் முக்கிய பகுதிகளை ஆறு ஆண்டுகளுள் முடிக்கும் துரிதத் திட்டம் தொடங்கிற்று. விக்ரோறியா, கொத்மலை அணைகள் 1985இலும், ரந்தெனிகலை 1986இலும் திறக்கப்பட்டன.

இதன் மையச் சிக்கல் கண்டிக்கு அண்மையிலுள்ள பொல்கொல்லையில் இருக்கின்றது. 1976இல் இயங்கத் தொடங்கிய தடுப்பணை, ஆற்று நீரின் ஒரு பகுதியைச் சுரங்கத்தின் வழியே உக்குவெலை மின்நிலையத்துக்கும், அப்பால் போவதென்னை ஊடாக வடக்கின் வயல்களுக்கும் திருப்புகின்றது. திருப்பாது விடப்படும் நீர் கீழேயுள்ள விக்ரோறியாவின் 210 மெகாவாற்று நிலையத்தையும் ரந்தெனிகலையையும் இயக்குகின்றது. ஆகவே வடக்கே திருப்பப்படும் ஒவ்வொரு கன மீற்றர் நீரும் பயிருக்கு ஆதாயம், மின்னுக்கு இழப்பு. 1980களிற் கனடிய ஆலோசகரின் துணையுடன் இதற்கெனக் கணினி மாதிரியுருக்கள் அமைக்கப்பட்டன. நெல்லையும் மின்னையும் ஒரே சமன்பாட்டில் நிறுத்த அவை முயன்றன. தொகுதிப் பொறியியல் இந்நாட்டில் ஆற்றிய மெய்யான பணி இது; இதனைக் குறைத்து மதிப்பிடலாகாது.

எல்லைக்குப் புறத்தே நின்றவை

எனினும் சமன்பாட்டுள் வராதவை பல. முதலாவது, மேல்நிலத்தின் மண். பொல்கொல்லைக் குளம் பன்னிரண்டு ஆண்டளவில் தன் கொள்ளளவில் ஐந்தில் இரு பங்கிற்கு மேல் வண்டலுக்கு இழந்தது. மலைச்சரிவின் நில உபயோகம் வடிநிலத்துக்கு உட்பட்டது. திட்டக் கணக்குக்கோ புறம்பானது. அச்சரிவுகளின் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழர் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்தோர். குடியுரிமையற்றோர் அரச குடியேற்றத்தில் நிலம் பெறும் உரிமையையும் இழந்தவராவர். நீரின் ஊற்றிடத்தில் வாழ்ந்த மக்கள் நீரின் பயனாளர் பட்டியலில் இடம்பெறாமைக்கு இதுவே காரணம்.

இரண்டாவது, நீர்த்தேக்கங்கள் விழுங்கிய ஊர்கள். பழைய தெல்தெனிய நகர் விக்ரோறியாவின் கீழ் மறைந்தது. அங்கும் கொத்மலையிலும் ஆயிரக்கணக்கான சிங்கள, தமிழ், முஸ்லிம் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன.

மூன்றாவது, 'எல்' தொகுதி. முல்லைத்தீவின் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி முதலிய கிராமங்களின் தமிழர் 1984இல் வெளியேற நேர்ந்தது. 1988இல் மணலாற்றுப் பகுதி வெலிஓயா என்னும் பெயருடன் மகாவலி அதிகார சபையின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. மகாவலியின் நீரோ அங்குச் சென்றடையவில்லை. நீர் பாயாத இடத்தில் பாசனத் தொகுதியின் எல்லை வரையப்பட்டு, அவ்வெல்லைக்குள் குடிப்பரம்பல் மாற்றப்பட்டது. 'தொகுதி' என்னும் சொல் இங்கு நீரியலைக் குறிக்கவில்லை, ஆட்சியதிகாரத்தைக் குறித்தது.

முடிவுரை

இவற்றைக் கணிதத்தின் பிழையெனக் கொள்ளல் பொருந்தாது. தரப்பட்ட எல்லைக்குள் கணிதம் சரியாகவே விடையிறுத்தது. எல்லையை வினாவுக்குட்படுத்தும் பயிற்சியே குறைவாயிருந்தது. எந்திரத்தின் எல்லையை வரைபவன் பொறியியலாளன். ஆற்றின் எல்லையை வரையும்போது அவனருகில் புவியியலாளனும், வரலாற்றறிஞனும், எல்லாவற்றுக்கும் மேலாக அவ்வாற்றங்கரையில் வாழ்வோரும் இருத்தல் வேண்டும். ஹாவாட்டில் அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே உணரப்பட்ட உண்மை இது.

எனவே நமது பல்கலைக்கழகங்கள் செய்யத்தக்கவை சில உள. மகாவலியின் வரலாற்றைப் பொறியியல் மாணவர்க்கு வழக்காய்வாகக் கற்பித்தல் வேண்டும். ஒரே வடிநிலத்தைப் பற்றிய ஆய்வேட்டினைப் பல பீடங்களின் மாணவர் கூட்டாக எழுத வாய்ப்பளித்தல் வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் இத்துறையின் நூல்கள் ஆக்கப்படுதல் வேண்டும். ஏனெனில் திட்டத்தாற் பாதிக்கப்படுவோர் அதன் மொழியை அறியாதவிடத்து, எல்லையைப் பற்றிய விவாதத்தில் அவர்களாற் பங்குகொள்ள இயலாது. இம்மூன்றும் நிறைவேறாதவரை, தொகுதிப் பொறியியலின் கருவிகளை மட்டுமே நாம் பெற்றவர்களாவோம். அத்துறையைப் பெற்றவர்களாக மாட்டோம்.