ஹுவாரெஸ் பெயர் பெற்ற மலர்

உதகைக்கும் கொடைக்கானலுக்கும் சென்று மலர்க் காட்சி கண்ட மாணவர்கள் டாலியா என்னும் மலரை அறிந்திருப்பர். அதன் வகைகள் மிகப் பல. பெரும்பாலானவற்றின் இதழ்கள் அகன்று, நுனி மழுங்கி, அடுக்கி வைத்தாற்போல் அமைந்திருக்கும். ஒரு வகையின் இதழ்கள் மட்டும் இரு விளிம்பும் பின்புறமாகச் சுருண்டு, குழல்போல் ஒடுங்கி, கூரிய நுனியோடு நாற்புறமும் நீட்டிக்கொண்டு நிற்கும். தொலைவிலிருந்து நோக்கினால் முள்ளம்பன்றி சிலிர்த்து நிற்பது போன்ற தோற்றம். இதற்குக் 'காக்டஸ் டாலியா' என்று பெயர். காக்டஸ் என்பது கள்ளி.

நான் ஆசிரியப் பணியில் இருந்த நாளில் மாணவர் சிலரை ஒரு மலர்க் காட்சிக்கு அழைத்துச் சென்றேன். "இது கள்ளியில் பூத்ததா, ஐயா?" என்று ஒரு சிறுவன் வினவினான். "அன்று, இதழ்கள் முள்போல் இருப்பதால் வந்த பெயர்" என்று தயங்காமல் விடை கூறினேன். அவ்விடை பிழையானது என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன்.

டாலியாவின் தாயகம் மெக்சிகோ நாட்டு மலைப்பகுதி. அந்நாட்டுப் பழங்குடியினர் அதற்குத் தம் மொழியில் 'அக்கோகோத்லி' என்று பெயரிட்டிருந்தனர். நீர்க்குழல் என்பது அதன் பொருள் என்பர். செடியின் தண்டு உள்ளே துளையுடையது. ஸ்பானிய மன்னன் இரண்டாம் பிலிப்பின் மருத்துவரான பிரான்சிஸ்கோ எர்னாண்டஸ் 1570ஆம் ஆண்டை ஒட்டி அங்குச் சென்று மூலிகைகளை ஆராய்ந்தபோது இச்செடியையும் அதன் நாட்டுப் பெயரையும் குறித்துக் கொண்டார். ஆனால், ஐரோப்பாவின் தோட்டங்களுக்கு இச்செடி வந்து சேர மேலும் இருநூறு ஆண்டுகள் ஆயின. மெக்சிகோ நகரத் தாவரத் தோட்டத்திலிருந்து மாட்ரிட் நகருக்கு அனுப்பப்பட்டு, அங்கே அது பூத்தது. கவனில்லெஸ் என்னும் ஸ்பானிய அறிஞர் 1791இல் அதற்கு டாலியா என்று பெயரிட்டார். ஸ்வீடன் நாட்டுத் தாவர நூலாரும் லின்னேயஸின் மாணவருமான ஆண்டர்ஸ் டால் என்பவரின் நினைவாக வைத்த பெயர் அது. டால் 1789இலேயே காலமாகிவிட்டார்.

அப்பெயரும் எளிதில் நிலைபெற்றுவிடவில்லை. பெர்லின் நகர அறிஞர் வில்டெனோ, பீட்டர்ஸ்பர்க்கில் வாழ்ந்த ஜியார்கி என்பவரின் பெயரால் அதனை 'ஜியார்ஜினா' என்று அழைத்தார். ருசியர் இன்றும் அப்பெயரின் வழிவந்த சொல்லையே வழங்குகின்றனர். மெக்சிகோவின் மலருக்கு ஸ்வீடன்காரர் பெயரா, பீட்டர்ஸ்பர்க் பேராசிரியர் பெயரா என்று அறிஞர் வாதிட்டனர். நாட்டுப் பெயர் இருந்ததே என்ற எண்ணம் அவர்களுக்கு எழுந்ததாகத் தெரியவில்லை.

இனி, நம் முள்ளிதழ் மலருக்கு வருவோம். 1872ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டில், உட்ரெக்ட் நகரை அடுத்த ஓர் ஊரில் வாழ்ந்த வான் டென் பெர்க் என்னும் தோட்டக்காரருக்கு மெக்சிகோவிலிருந்து ஒரு பெட்டி நிறையக் கிழங்குகள் வந்தன. நெடுங்கடற் பயணத்தில் அவை அழுகிப் போயின. ஒன்றே ஒன்று பிழைத்தது என்பது தோட்டக் கலை நூல்கள் கூறும் செய்தி. அதனை நட்டு வளர்த்தபோது, அதுவரை ஐரோப்பா கண்டிராத வடிவில், இதழ்கள் பின்சுருண்ட செக்கச் சிவந்த மலர் பூத்தது. அதற்கு 'டாலியா ஹுவாரெசி' என்று பெயரிட்டனர். மெக்சிகோவின் குடியரசுத் தலைவர் பெனிட்டோ ஹுவாரெஸின் பெயர் அது. அதே 1872ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் அவர் இறந்தார்.

யார் இந்த ஹுவாரெஸ்? 1806இல் ஓஹாக்கா மாநிலத்து மலைச் சிற்றூர் ஒன்றில், சபோடெக் என்னும் பழங்குடியில் பிறந்தவர். மூன்று வயதிலேயே தாய் தந்தையரை இழந்து சிற்றப்பன் வீட்டில் ஆடு மேய்த்தார். ஆட்சி மொழியான ஸ்பானிஷ் அவருக்குத் தெரியாது. பன்னிரண்டாம் வயதில், கல்வி வேட்கையால், மலைவழியே நடந்து ஓஹாக்கா நகரை அடைந்தார். அவருடைய தமக்கை அங்கே ஒரு செல்வர் வீட்டில் சமையல் வேலை பார்த்து வந்தாள். நூற்கட்டுவோர் ஒருவர் அவரை ஆதரித்துப் படிக்க வைத்தார். பின்னாளில் அவர் வழக்கறிஞராகி, அச்செல்வரின் மகளையே மணந்தார். மாநில ஆளுநராகி, 1858இல் நாட்டின் தலைமையையும் ஏற்றார்.

உள்நாட்டுப் போரால் கருவூலம் வெறுமையுற்றமையால், வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை 1861இல் நிறுத்தி வைத்தார். பிரிட்டன், ஸ்பெயின், பிரான்சு ஆகிய மூன்று நாடுகளும் கப்பற்படை அனுப்பின. முதலிரண்டும் விரைவில் திரும்பிவிட, பிரெஞ்சு மன்னன் மூன்றாம் நெப்போலியன் நாட்டையே விழுங்க முற்பட்டான். ஆஸ்திரியப் பேரரசரின் தம்பி மாக்சிமிலியனை 1864இல் மெக்சிகோவின் பேரரசனாக அமர்த்தினான். ஹுவாரெஸ் பணியவில்லை. தலைநகரை இழந்து, அரசாங்கத்தைத் தம்முடனே சுமந்துகொண்டு வடக்கே எல்லை ஓரம் வரை பின்வாங்கினார். பிரெஞ்சுப் படை வெளியேறியதும் குடியரசு மீண்டது. மாக்சிமிலியன் 1867 ஜூன் 19இல் சுட்டுக் கொல்லப்பட்டான். ஹுவாரெஸிடம் குறையே இல்லை என்பதற்கில்லை. பதவியை விட மனமின்றி 1871இல் மீண்டும் தேர்தலில் நின்று கிளர்ச்சிக்கு இடமளித்தார். ஆயினும், ஐரோப்பிய முடியரசு ஒன்றை வீழ்த்திய பழங்குடி மகனின் பெயர் ஐரோப்பியத் தோட்டத்து மலருக்கு வாய்த்தது வியப்பன்றோ!

அப்பெயர் நெடுங்காலம் பேச்சு வழக்கில் நிற்கவில்லை. 1879இல் இங்கிலாந்தின் தோட்டக் கலை இதழொன்று இம்மலரின் படத்தை வெளியிட்டது. வடிவாலும் ஒளிரும் செந்நிறத்தாலும் அது ஒரு வகைக் கள்ளியின் பூவை ஒத்திருந்தமையால் 'காக்டஸ் டாலியா' எனப்பட்டது. ஒப்புமை கள்ளிப் பூவோடுதான், முள்ளோடு அன்று. வேறு டாலியாக்களோடு கலந்து இதனினின்றும் எண்ணற்ற வகைகள் தோன்றின. மஞ்சள், வெண்மை, ஊதா எனப் பல நிறம் பெற்றன. இதழ்கள் மேலும் ஒடுங்கின. அனைத்துக்கும் காக்டஸ் என்ற பெயரே நிலைத்தது. விற்பனைப் பட்டியலுக்கு எளிய சொல்லே ஏற்றது போலும். மலரைக் கண்டிராத டாலின் பெயர் தங்கிவிட, அதன் தாய்நாட்டைக் காத்தவரின் பெயர் தோட்டக் கலை வரலாறு படிப்போர்க்கே தெரிந்ததாயிற்று.

மெக்சிகோ அரசு 1963இல் டாலியாவைத் தன் நாட்டு மலராக அறிவித்தது. என்னிடம் வினவிய சிறுவன் இப்போது எங்கிருக்கின்றானோ, அறியேன். இவ்வுரை அவன் காதில் விழுமாயின், அன்று நான் கூறிய விடையைத் திருத்திக் கொள்வானாக.