கடல் கடந்த ஆணமும் பிள்ளைகளின் நாவும்

அடுப்பில் ஆணம் கொதிக்கும்போதே பிள்ளைகள் கேட்கும் முதற் கேள்வி, "உம்மா, காரமா?" என்பதுதான். தாய்லாந்தின் சிவப்பு ஆணமும் பச்சை ஆணமும் இன்று சென்னைக் கடைகளில் அரைத்த விழுதாகவே கிடைக்கின்றன. ஆசையோடு வாங்கிச் சமைக்கிறோம். பிள்ளை ஒரு கவளம் உண்டு கண்ணீர் வடிக்கிறது. தாய் பதறிப்போய் ஆணத்தில் தண்ணீரை ஊற்றுகிறாள். சுவை போய்விடுகிறது, காரம் போவதில்லை. பிள்ளைக்கு வேறு உணவு, பெரியவர்க்கு வேறு உணவு என்று சஹன் இரண்டாகப் பிரிகிறது.

ஆனால் தாய்லாந்து ஆணம் யாவும் நாவைச் சுடுபவை அல்ல. அவற்றுள் மிக மென்மையான ஒன்று நம்மவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அதன் பெயர் 'மஸமன்'. 'முஸல்மான்' என்னும் சொல்லின் திரிபே அது என்பர்.

முதலில் மிளகாயின் வரலாற்றைப் பார்ப்போம். மிளகாய் நம் மண்ணுக்கும் உரியதன்று, சயாமுக்கும் உரியதன்று. அமெரிக்கக் கண்டத்தில் விளைந்த அதனைக் கீழ்த்திசைக்குக் கொண்டு வந்தோர் போர்ச்சுக்கீசியர். அவர்கள் 1510-இல் கோவாவையும் 1511-இல் மலாக்காவையும் கைப்பற்றினர். அதற்கு முன் நாம் காரத்திற்கு மிளகையே நம்பியிருந்தோம். புதிதாக வந்த காய்க்கு மிளகின் பெயரையே ஒட்டி 'மிளகாய்' என்றோம். தாய் மொழியிலோ 'ப்ரிக்' என்றால் இன்று மிளகாய். மிளகை 'ப்ரிக் தாய்' என்று பிரித்துச் சொல்கிறார்கள். ஆக, கண்ணில் நீர் வரவைக்கும் காரம் நம் இரு நாட்டுச் சமையலிலும் ஐந்நூறு ஆண்டுகளுக்கு உட்பட்ட விருந்தாளியே!

அக்காலத்தில் சயாமின் தலைநகர் அயுத்தயா. வங்கக் கடலோரத்து மெர்குயி பதினேழாம் நூற்றாண்டில் அதன் மேற்குத் துறைமுகம். சோழமண்டலக் கரையிலிருந்து துணி ஏற்றிச் சென்ற மரக்கலங்கள் அங்கே சரக்கை இறக்க, அது தரைவழியே அயுத்தயாவுக்குச் சென்றது. அவ்வணிகருள் தமிழ் முஸ்லிம்களும் இருந்தனர். கீழைத் துறைமுகங்களில் அவர்களைச் 'சூலியா' என்று அழைத்தனர். அதே நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீகத்தின் கும் நகரத்து ஷெய்கு அஹ்மத் அயுத்தயாவில் குடியேறி, அரசவையில் உயர் பதவி பெற்றார். மஸமன் ஆணம் பாரசீகர் வழி வந்ததா, தெற்கே வாழும் மலாய் முஸ்லிம்கள் வழி வந்ததா என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. ஆயினும் 1809 முதல் 1824 வரை ஆண்ட இரண்டாம் ராமர், உணவுகளைப் புகழ்ந்து இயற்றிய பாடலில் இவ்வாணத்தைக் குறிப்பிட்டிருக்கிறார். முஸ்லிம்களின் அடுக்களை மணம் அரண்மனை வரை சென்றதற்கு அது சான்றன்றோ?

இதன் மென்மை எங்கிருந்து வந்தது? காய்ந்த மிளகாயின் விதையையும் உள் நரம்பையும் நீக்கிவிட்டு ஊறவைத்து அரைக்கிறார்கள். ஏலம், பட்டை, கிராம்பு, சீரகம், மல்லி ஆகியவற்றை வறுத்துச் சேர்க்கிறார்கள். தேங்காயின் தலைப்பாலில் விழுதை எண்ணெய் பிரியும்வரை வதக்கி, இரண்டாம் பாலில் இறைச்சியை வேகவைக்கிறார்கள். உருளைக்கிழங்கும் வேர்க்கடலையும் சேர, புளியும் பனைவெல்லமும் சுவையைச் சமன் செய்கின்றன. தேங்காய்ச் சோறும் நோன்புக் கஞ்சியும் அறிந்த நம் இல்லங்களுக்கு இந்தத் தேங்காய்ப்பால் கைப்பக்குவம் அந்நியமானதன்று.

இதற்கு அறிவியலும் துணை நிற்கிறது. மிளகாயின் காரத்திற்குக் காரணமான கேப்சைசின், விதையைவிட அதனைத் தாங்கும் வெண்ணரம்பிலேயே மிகுதி. அது நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். தண்ணீர் தோற்கும் இடத்தில் தேங்காய்ப்பால் வெல்வது இதனால்தான். அறுசுவை என்று நாம் எண்ணினும், மிளகாயின் காரம் உண்மையில் சுவையன்று. அது சூட்டையும் வலியையும் உணரும் நரம்பின் எரிச்சல். அந்த உணர்வியை 1997-இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எனவே காரத்திற்கு அழும் பிள்ளையைப் பிடிவாதக்காரன் என்று கடிந்துகொள்வது நீதியன்று. வலிக்கிறது, அழுகிறான்.

காரத்தைத் தணிக்க இன்னொரு வழியும் உண்டு. அதனை அறிய நாம் அயுத்தயா வரை செல்ல வேண்டியதில்லை, வடசென்னையே போதும். 1962-இல் பர்மாவில் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964-இல் கடைகள் நாட்டுடைமையாயின. வாழ்வை இழந்த தமிழர் கப்பல்களில் சென்னைத் துறைமுகம் வந்து இறங்கினர். வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் அவர்கள் குடியமர்ந்தனர். 1969-இல் கடற்கரை நிலையத்தின் அருகே பர்மா பஜார் எழுந்தது. சொத்தைக் கொண்டுவர இயலவில்லை. நாவின் நினைவைக் கொண்டு வந்தனர். இன்றும் மாலை வேளைகளில் அங்கே 'அத்தோ' பிசைகிறார்கள். அவித்த நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வெங்காயம், வறுத்த பூண்டு, புளிக்கரைசல் யாவும் சேர்ந்தபின் மிளகாய்த் தூள் விழுகிறது. வேண்டாம் என்றால் அதனை விட்டுவிடுவார்கள். பக்கத்தில் வாழைத்தண்டு சூப். பர்மியரின் தேங்காய்ப்பால் 'கௌசுவே'யிலும் அப்படியே: ஆணம் சாதுவானது, மிளகாய்த் தூளும் எலுமிச்சையும் தனித் தட்டில் வரும். காரம் சட்டியில் இல்லை, உண்பவன் கையில் இருக்கிறது.

இவ்விரு வழிகளும் நம் தாய்மாருக்குப் போதும். கடையில் வாங்கிய விழுதானால் கால் பங்கு மட்டும் இட்டுத் தலைப்பாலைக் கூட்டுங்கள். மிளகாயைத் தனியே வதக்கிப் பெரியவர் பக்கம் வையுங்கள். சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு வேர்க்கடலையை அரைத்தே சேருங்கள். முழுக் கடலை தொண்டையில் சிக்கும்.

இது வெறும் சமையற் குறிப்பன்று. பர்மாவிலிருந்து கப்பலேறிய தலைமுறையில் கைக்குழந்தையாய் வந்தோரும் அறுபதைத் தொட்டுவிட்டனர். அவர்கள் பட்ட பாட்டை ஏட்டில் எழுதியோர் சிலரே. சட்டியில் எழுதியோரே பலர். பேரப்பிள்ளை அந்த உணவை ஒதுக்கிவிட்டால், அதனோடு ஒரு கடற்பயணத்தின் கதையும் ஒதுங்கிவிடும். ஒரே சஹனில் அமர்ந்து அவன் உண்ணும்போதுதான், "நன்னி, இதை எங்கே கற்றீர்கள்?" என்று கேட்பான். அந்தக் கேள்விக்காகவேனும் காரத்தைக் கொஞ்சம் தணிப்போம்.