எஞ்சின் சூடேறுதல்: காவிரிப் படுகையின் சிறு சரக்கு வண்டிகள்

எஞ்சினில் எரியும் டீசலின் வெப்பம் முழுதும் சக்கரத்துக்குப் போவதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை இழுக்கிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. மீதியைக் குளிர்விக்கும் நீர் சுமந்து ரேடியேட்டரில் இறக்க வேண்டும். இந்தச் சுமை இறங்காமல் தேங்குவதே சூடேறுதல். பட்டறை வழக்கில் ‘ஹீட் ஏறுது’, முற்றிய நிலையில் ‘கேஸ்கட் போச்சு’.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் நெல்லும் உரமும் வைக்கோலும் வாழைத்தாரும் இன்று பெரும்பாலும் சிறு சரக்கு வண்டிகளில்தான் போகின்றன. 2005-இல் வந்த டாடா ஏஸுக்கு ஊரார் வைத்த பெயர் குட்டி யானை. ஓசூரில் தயாராகும் அசோக் லேலண்ட் தோஸ்த் 2011-இல் வந்தது. மகிந்திரா பொலேரோ பிக்கப் இவற்றைவிடப் பெரியது. பொலேரோவுக்கு முன்மூடியைத் திறந்தால் போதும். ஏஸிலும் தோஸ்திலும் இருக்கையைத் தூக்கினால்தான் எஞ்சின் தெரியும். அதனாலேயே அன்றாடம் தண்ணீர் பார்ப்பது தட்டிப்போகிறது.

பழியை வெயில் மேல் போடுவது வழக்கம். கத்திரி மட்டுமே காரணம் என்றால், சம்பா அறுவடை நடக்கும் தை, மாசியில் வண்டி கொதிக்கக் கூடாது. அந்த மாதங்களில் வேறு மூன்று சேர்ந்துகொள்கின்றன: தூசு, சுமை, காத்திருப்பு. அறுவடை இயந்திரம் ஓடிய வயலோரத்தில் வண்டி நின்றாலே பதரும் வைக்கோல் தூளும் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்குள் புகுந்துவிடும். பனியில் நனைந்து, அடுத்த நாள் காய்ந்தால் அது பசை போட்டதுபோல் ஒட்டிக்கொள்ளும். தூசைத் தடுக்க முகப்பில் கொசுவலை கட்டுவோர் உண்டு. நல்ல யோசனைதான், மாலைதோறும் கழற்றி உதறினால். உதறாவிட்டால் வலையே காற்றை அடைத்துவிடும்.

சுமைக் கணக்கு எளிது. கொள்முதல் நிலைய மூட்டை 40 கிலோ. தொடக்ககால ஏஸின் சுமைத்திறன் 750 கிலோ. 18 மூட்டை ஏற்றினால் 720 கிலோ, அதோடு நிறுத்த வேண்டும். 25 ஏற்றினால் ஒரு டன். வரப்பையொட்டிய மண்பாதையில் முதல் கியரில் அந்த ஒரு டன்னை இழுக்கும் 702 சி.சி. எஞ்சின் சூடாகாமல் என்ன செய்யும்?

எங்கே சூடாகிறது என்று ஓட்டுநரைக் கேட்டாலே பாதிக் காரணம் தெரிந்துவிடும். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நிற்கும்போது வெப்பமானியின் முள் ஏறி, கேட் திறந்து ஓடத் தொடங்கியதும் இறங்கினால் கோளாறு விசிறியில்: பெல்ட் தளர்ந்திருக்கும், விசிறி கிளட்ச் நழுவும், மின்விசிறியாக இருந்தால் ரிலேயோ ஃபியூஸோ போயிருக்கும். நிற்கும்போது சரியாக இருந்து, சுமையோடு வேகம் பிடித்ததும் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு அல்லது நீரோட்டக் குறைவு. வெளியே சொட்டு ஒழுகல் இல்லை, ஆனாலும் தண்ணீர் தினமும் குறைகிறது என்றால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்கலாம்.

ரேடியேட்டர் மூடியை வெறும் மூடி என்று நினைப்பது பெரிய தவறு. அது அழுத்தத்தைத் தாங்கி வைக்கிறது. சுமார் 1 பார் அழுத்தத்தில் தண்ணீர் 120 பாகை செல்சியசில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் வெடித்துவிட்டால் 100-லேயே கொதித்து வெளியேறும். மற்ற எதையும் கழற்றுமுன் மலிவான இந்தப் பொருளை மாற்றிப் பார்ப்பதே புத்திசாலித்தனம். சூடான நிலையில் அதைத் திறப்பது மட்டும் கூடவே கூடாது. முகமும் கையும் வெந்துபோகும். ஓரங்கட்டி, அரைமணி நேரமாவது ஆறவிட்டு, கனத்த துணி போட்டுத்தான் திருக வேண்டும். கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் ஹெட் வெடிக்கலாம்.

ஊற்றும் தண்ணீர் தனிப் பிரச்சினை. சாலையோர வாய்க்காலில் கேனை முக்கி ஊற்றினால் வண்டலும் சேர்ந்து போகும். கடலோரப் பகுதியின் ஆழ்குழாய் நீரில் உப்பு. அது உள்ளே சுண்ணாம்புபோல் படிந்து குழல்களைக் குறுக்குகிறது, அலுமினியத்தையும் அரிக்கிறது. தஞ்சாவூரில் உறைபனி ஏது, கூலன்ட் எதற்கு என்று கேட்பார்கள். இங்கே அது துருவைத் தடுப்பதற்கும் கொதிநிலையை உயர்த்துவதற்கும். டிஸ்டில்டு வாட்டரோடு சரிபாதி கலப்பது பொதுவான அளவு. அவசரத்துக்கு வாய்க்கால் நீர் ஊற்றியிருந்தால், ஊர் திரும்பியதும் முழுதும் வடித்துக் கழுவிவிட வேண்டும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் பட்டறைகளின் பழைய கைவைத்தியம். கோளாறு உண்மையில் அதிலேயே என்றால் புதிது போடலாம். இல்லாமல் ஓட்டினால் எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமல் டீசல் குடிக்கும். சில எஞ்சின்களில் நீர் ரேடியேட்டருக்கே போகாமல் பக்கவழியாகத் திரும்பி, சூடு இன்னும் கூடும். மேல் ஹோஸ் கொதிக்க, கீழ் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால் தெர்மோஸ்டாட்டின் வால்வு திறக்கவில்லை என்று ஐயப்படலாம். கழற்றி டீக்கடை வெந்நீரில் போட்டால் தெரிந்துவிடும்: பெரும்பாலானவை 80 முதல் 90 பாகைக்குள் திறக்கத் தொடங்கும்.

வெளித் தூசுக்கு எஞ்சின் பக்கத்திலிருந்து முகப்பு நோக்கிக் காற்றோ மெதுவான தண்ணீரோ அடிக்க வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் பதர் இன்னும் உள்ளே போகும். வாட்டர் சர்வீஸ் குழாயைக் கிட்டே பிடித்தால் தகடுகள் மடங்கும். உள்அடைப்புக்கு ரேடியேட்டர் பட்டறையில் தொட்டியைப் பிரித்து ராடு விட்டுக் குத்துவார்கள். பித்தளை ரேடியேட்டருக்கு இது சரி. பிளாஸ்டிக் தொட்டி வைத்த அலுமினியத்துக்குப் பெரும்பாலும் புதிது மாற்றுவதே வழி.

ஆயில் மூடியின் அடியில் பால் கலந்த காப்பி நிறத்தில் பசை, ஓயாத வெண்புகை, ஆறிய எஞ்சினை ஓடவிட்டதும் ரேடியேட்டர் வாயில் விடாமல் குமிழி — இவை கேஸ்கட் எரிந்த அடையாளங்கள். கேஸ்கட்டை மட்டும் மாற்றி மூடினால் மறுபடி எரியும். ஹெட்டை லேத்துக்கு அனுப்பி, வளைவு பார்த்து, தேவையானால் ஃபேசிங் செய்து, போல்ட்டுகளை உரிய வரிசையில் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். பிறகு உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற, ரேடியேட்டர் வாய் மேலே இருக்குமாறு வண்டியை ஏற்றத்தில் நிறுத்தி, மூடியைத் திறந்துவைத்தே ஓடவிட்டுக் கூலன்ட்டை மெல்ல ஊற்றுவார்கள். தட்டையான டெல்டாவில் மேடு கிடைப்பது அரிது. வாய்க்கால் மதகின் ஏற்றமே உதவும். மறுநாள் காலை, எஞ்சினைக் கிளப்புமுன், அளவை இன்னொரு முறை பார்க்க வேண்டும். காற்று வெளியேறிய இடத்துக்கு இன்னும் கொஞ்சம் கேட்கும்.