உயர்ந்த கைகளுக்கு முன்னால் ஒரு வாடகை அறை

அந்தப் படத்தை நாங்கள் எல்லாரும் பார்த்திருப்போம். 1968 ஒக்டோபர், மெக்சிக்கோ ஒலிம்பிக், 200 மீற்றர் பரிசு மேடை. அமெரிக்கக் கீதம் ஒலிக்கும்போது டொமி ஸ்மித்தும் ஜோன் கார்லோஸும் தலையைக் குனிந்து, கறுப்புக் கையுறை போட்ட கையை உயர்த்தி நிற்கிறார்கள். அந்த நேரம் இரண்டு பேருக்கு வந்த துணிச்சல் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் கதை ஒரு வருசம் முந்தியே, அவர்களின் கல்லூரியில் தொடங்கிவிட்டது.

கலிபோர்னியாவின் சான் ஹோசே ஸ்டேட் கல்லூரி ஓட்டத்துக்குப் பேர்போன இடம். கறுப்பின மாணவர்கள் அங்கே கொஞ்சப் பேர்தான். அவர்களிலும் கனபேர் விளையாட்டுக்காகச் சேர்க்கப்பட்டவர்கள். மைதானத்தில் கைதட்டு கிடைத்தது. வெளியே வாடகைக்கு அறை கேட்டால் கதவு சாத்தப்பட்டது. மாணவர் கழகங்களிலும் அதே புறக்கணிப்புத்தான்.

1967 செப்டெம்பரில், அதே கல்லூரியின் பழைய விளையாட்டு வீரரும் அப்போது அங்கே சமூகவியல் படிப்பித்தவருமான ஹரி எட்வர்ட்ஸ், மாணவர்களைக் கூட்டிக் கோரிக்கைகளை முன்வைத்தார். கோரிக்கைகளைக் கவனிக்காவிட்டால் பருவத்தின் முதல் ஃபுட்போல் மெட்ச் நடக்கவிடமாட்டோம் என்றார்கள். கல்லூரித் தலைவர் ரொபேர்ட் கிளார்க் பகிரங்க விசாரணை வைத்தார். வன்முறை வரலாம் என்று மெட்சையும் நிறுத்தினார். ஆளுநராக இருந்த ரொனால்ட் ரேகன் அதைக் கண்டித்தார். ஆனாலும் பாகுபாட்டுக்கு எதிராகக் கல்லூரி நடவடிக்கை எடுக்கவேண்டி வந்தது.

அங்கே படித்த பாடம் இதுதான்: எங்கட திறமை அவர்களுக்குத் தேவை என்றால், எங்கட மரியாதையையும் அதோடு சேர்த்துக் கேட்கலாம். அடுத்த மாதமே மனித உரிமைகளுக்கான ஒலிம்பிக் திட்டம் என்ற அமைப்பு உருவானது. ஸ்மித் அதில் இருந்தார்; பிந்தி வந்து சேர்ந்த கார்லோஸும் இணைந்தார். மெக்சிக்கோவில் ஸ்மித் 19.83 செக்கனில் உலக சாதனையோடு வென்றார். மேடையில் இருவரும் அணிந்திருந்தது அந்த அமைப்பின் சின்னத்தைத்தான். வெள்ளி வென்ற அவுஸ்திரேலியர் பீற்றர் நோர்மனும் அதைக் குத்தியிருந்தார்.

விலை பெரிது. இருவரும் அணியிலிருந்து நீக்கப்பட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்; கொலை மிரட்டல்களும் வந்தன. கல்லூரி வளாகத்தில் அவர்களுக்குச் சிலை எழும்ப 2005 வரை காத்திருக்கவேண்டி வந்தது. அதுவும் மாணவர் சங்கத்தின் முயற்சி. அந்தச் சிலையில் நோர்மனின் இடம், அவர் விருப்பப்படியே, காலியாக இருக்கிறது. யாரும் ஏறி நிற்கலாம்.

எங்கட கம்பஸ்களிலும் வென்று வரும் அணிக்கு பனர் கட்டுகிறோம், மாலை போடுகிறோம். அந்தப் பிள்ளைகளுக்கு ஒழுங்கான போர்டிங் கிடைத்ததா, அவர்களின் ஊரையோ சாதியையோ கேட்டு யாரும் கதவைச் சாத்தினார்களா என்று கேட்கிறோமா? சான் ஹோசேயில் எல்லாம் அப்படியொரு கேள்வியில்தான் தொடங்கியது.